கடல் கடந்து வந்த மிஷனரிகள் மதுரையில் எப்படி வாழ்ந்தார்கள்? யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்?

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சமயநல்லூர். ஊரை ஒட்டியே ரயில் பாதை. 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு கோடையிலும் இந்தத் தண்டவாளத்தில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வடக்கே போயின. அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடை ரோடு ஸ்டேஷனில், இறங்குவார்கள். அங்கிருந்து மாட்டு வண்டி. மலையடிவாரத்துக்கே இன்னும் 50 கி.மீ. போகணும். அதற்குப் பிறகு பெரியகுளம் பக்கத்து கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து கொடைக்கானலுக்குச் செங்குத்தான மலைப்பாதை.

அப்படிப் போனவர்களில் கலெக்டர்களும் இருந்தார்கள். ஆனால் கொடைக்கானலை ஊராக்கியதில் பெரும் பங்கு, மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகளுடையது. அவர்கள் மலையேறியது காற்று வாங்க அல்ல, சாகாமல் இருக்க.

மிஷனரி என்றதும் நம்ம ஊரில் இரண்டு படங்கள்தான் கண்முன் வரும். ஒன்று, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிய தியாகி. இன்னொன்று, மதம் மாற்ற வந்த ஆள். இந்த வாதம் நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிறது, இன்னும் நடக்கும். ஆனால் காலையில் எழுந்து, என்ன சாப்பிட்டு, எந்த மொழியில் திணறி, பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டு அவர்கள் அந்நிய நாட்டில் வாழ்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. உயிர் பிழைக்க அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளே, ஊர் மக்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் சுவராகவும் நின்றன.

ஒரு வேளைச் சோறு

1606-ல் இத்தாலியப் பிரபு குடும்பத்து இளைஞர் ஒருவர் மதுரைக்கு வந்தார். பெயர் ராபர்ட் டி நொபிலி, வயது 29, இயேசு சபைத் துறவி. அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் இங்கே பல ஆண்டுகளாக இருந்தார். கடற்கரையிலிருந்து வந்து தங்கியிருந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஊழியம் செய்வது அவர் வேலை. மதுரைக்காரர்கள் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஏன்? ஊர்க்காரர்கள் கண்ணில் அவர் 'பறங்கி'. மாட்டுக்கறி தின்பவர், தோல் செருப்பு போடுபவர், மது குடிப்பவர். அவர் சொல்லும் சாமியும் பறங்கிச் சாமி. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

நொபிலி வேறு வழி எடுத்தார். தனி வீடு பார்த்துக்கொண்டார். காவி உடுத்தினார், தோல் செருப்பை விட்டுப் பாதக்குறடு போட்டார். இறைச்சியை அறவே நிறுத்தி, பிராமணச் சமையல்காரர் சமைத்த மரக்கறிச் சோற்றை ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டார். தமிழ் படித்தார், தெலுங்கு படித்தார். சிவதர்மர் என்ற பண்டிதரிடம் சம்ஸ்கிருதமும் கற்றுக்கொண்டார். 'தத்துவ போதகர்' என்ற பெயர் நிலைத்தது.

ரோமாபுரிக்காரர் ஒருவர் மதுரை வெயிலில் ஒரு வேளைச் சோற்றோடு காலம் தள்ளுவது லேசான காரியமல்ல. ஆனால் அவரை அதிகம் வாட்டியது பசியில்லை, சொந்த ஆட்கள். கூட இருந்த பெர்னாண்டஸே 'இவர் இந்துவாகவே மாறிவிட்டார்' என்ற தோரணையில் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். கோவாவில் விசாரணை, ரோமில் விசாரணை. பூணூலும் சந்தனமும் மதச் சின்னங்களா, வெறும் சமூக வழக்கமா என்று ஐரோப்பாவில் உட்கார்ந்து தீர்மானிக்கப் பார்த்தார்கள். 1623-ல் போப் 15-ம் கிரகோரி அனுமதி கொடுக்கும் வரை, அந்த மனிதர் செய்வது சரியா தவறா என்பதே தொங்கலில் இருந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நொபிலி யாருக்கு அருகில் போனாரோ, அதற்கு விலையாக வேறு யாரிடமிருந்தோ விலக வேண்டியிருந்தது. மேல்சாதியினரோடு பழகும் துறவி, ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியாது. 1640 வாக்கில் அவர்களுக்கென்று 'பண்டார சுவாமிகள்' என்ற தனி வகைத் துறவிகள் ஏற்படுத்தப்பட்டார்கள். ஒரே மதம், ஒரே சபை, ஆனால் இரண்டு வகைச் சாமியார்கள். சாதிக்குள் நுழைய நொபிலி கண்ட வழி, சாதியை அப்படியே வைத்துக்கொண்ட வழியும்கூட. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

கடைசி நாட்களில் அவருக்குப் பார்வை மங்கிப்போனது. மதுரையை விட்டு யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டு, 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார்.

காய்ச்சல் கட்டிய ஊர்

அமெரிக்கர்கள் மதுரைக்கு வந்தது 1834-ல். நேராக அமெரிக்காவிலிருந்து அல்ல, யாழ்ப்பாணத்திலிருந்து. அங்கே 1816 முதலே அமெரிக்க மிஷன் இருந்தது. வட்டுக்கோட்டையில் செமினரி, உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி எல்லாம் நடந்துகொண்டிருந்தன. அதனால் வரும்போதே கொஞ்சம் தமிழும், கூடவே யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் வந்தார்கள். மதுரை மிஷனின் கதையில் இந்த யாழ்ப்பாணத்துக்காரர்களின் பங்கு அடிக்குறிப்பாகவே போய்விட்டது.

மொழிக்குத் துணை இருந்தது. உடம்புக்கு யாரும் துணையில்லை. காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு. கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்று உலகத்துக்குத் தெரிந்ததே 1897-ல். அதுவரை 'கெட்ட காற்று' என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்கள். இளம் மனைவிகளும் கைக்குழந்தைகளும்தான் முதலில் போனார்கள். வட்டுக்கோட்டை செமினரியை நடத்தி, மதுரையிலும் சில ஆண்டுகள் பள்ளிகள் தொடங்கி வேலை செய்த டேனியல் பூர், யாழ்ப்பாணம் திரும்பி 1855-ல் காலராவில் இறந்தார்.

தப்பிக்க முதலில் தேர்ந்தெடுத்த இடம் திண்டுக்கல் பக்கத்து சிறுமலை. பெயருக்கு மலைதானே தவிர, அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் உயரமாகப் போக வேண்டும் என்று முடிவானது. 1845-ல் கொடைக்கானலில் மிஷனரிகள் இரண்டு வீடுகள் கட்டினார்கள்: 'சன்னிசைடு', 'ஷெல்டன்'. பழனி மலையை 1821-லேயே லெப்டினன்ட் வார்டு அளந்திருந்தார், 1834-ல் சப்-கலெக்டர் ராட்டன் செண்பகனூரில் ஒரு பங்களாவும் கட்டியிருந்தார். ஆனால் குடும்பம் குடும்பமாக வந்து தங்கும் வழக்கம் இந்த இரண்டு வீடுகளிலிருந்துதான் வளர்ந்தது. நாம் இன்று வேன் பிடித்துப் போய்ப் படகு விடும் ஏரிகூட அதற்குப் பிறகு வந்ததுதான். அது 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் அமைத்தது.

மலைக்கு எப்படிப் போனார்கள்? ஆண்கள் குதிரையில் அல்லது நடந்து. பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் நாற்காலி டோலியில். அந்த டோலியைத் தூக்கியது அடிவாரத்துக் கூலிகள். பெட்டி, பாத்திரம், படுக்கை, சில வீடுகளுக்கு ஆர்மோனியம் வரை எல்லாம் தலைச்சுமைதான். மோட்டார் போகும் மலைச்சாலை 1910-களில்தான் தயாரானது. அதுவரை எழுபது ஆண்டுகள் இந்தக் கதைதான். காலரா வந்தால் மிஷனரிக்கு ஏறிப்போக ஒரு மலை இருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போனவர் கீழே இறங்கித் தன் காலனிக்கே திரும்ப வேண்டும். இந்த வித்தியாசத்தை அன்றைக்கே கவனித்த மிஷனரிகளும் இருந்தார்கள், கவனிக்காதவர்களும் இருந்தார்கள்.

பிள்ளையை எங்கே விடுவது?

வெயிலைச் சகித்துக்கொள்ளலாம். புழுங்கலரிசியும் பழகிவிடும். பழகாத ஒன்று பிள்ளைகளைப் பிரிவது.

ஏழெட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் இங்கே இருந்தால் உடம்பும் கெடும், படிப்பும் கெடும் என்பது அந்தக் கால நம்பிக்கை. அதனால் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். சூயஸ் கால்வாய் 1869-ல் திறக்கும் முன்பு, பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக நாலைந்து மாதம். மகனுக்குக் காய்ச்சல் என்று பாஸ்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தால், அதைப் படிக்கும் நேரத்தில் அவன் குணமாகியிருப்பான், இல்லை புதைத்திருப்பார்கள். பதில் போய்ச் சேர இன்னொரு நாலைந்து மாதம்.

வேலூர் கதை பலருக்குத் தெரியும். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரிக் குடும்பத்துப் பெண். சிறுமியாக அமெரிக்காவில் உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு அவருடைய தாய் இந்தியா திரும்பினார். அந்த வலியில், 'என்ன ஆனாலும் நான் மிஷனரி ஆகமாட்டேன்' என்று இருந்தவர் ஐடா. தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்த இடத்தில், ஆண் டாக்டரைக் கூப்பிட மாட்டோம் என்ற வீடுகளில் மூன்று இளம் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டார். அதன் பிறகு டாக்டராகத் திரும்பி வந்து அவர் உருவாக்கியதுதான் வேலூர் சி.எம்.சி. இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாம் மூன்று பெண்களில் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் அழுதுகொண்டிருந்த அந்தச் சிறுமியை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பிரிவுக்கு மிஷனரிகளே கண்ட மாற்று, மலையிலேயே பள்ளிக்கூடம். 1901-ல் கொடைக்கானலில் மார்கரெட் எடி என்ற அமெரிக்க அம்மாள் பொறுப்பில் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. ஹைகிளெர்க் என்று பெயர். அதுதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். பெற்றோர் மதுரையில், திண்டுக்கல்லில், பிள்ளைகள் மேலே மலையில். நாலைந்து மாதப் பிரிவு இரண்டு நாள் பயணமாகச் சுருங்கியது.

கல்லும் கள்ளும்

கஷ்டத்தையே சொல்லிக்கொண்டு போனால் அது பாதிக் கதைதான். இருந்தவர்கள் ஏன் இருந்தார்கள்? அதற்கு நம்பிக்கை ஒரு பதில். இன்னொரு பதில் தமிழ்.

புதிதாக வருபவர் முன்ஷியிடம் தமிழ் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். ழ வராது. ற, ர வித்தியாசம் காதில் விழாது. கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் கள்ளைப் பற்றிப் பேசி முடிப்பார், கூட்டம் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொள்ளும். படித்த தமிழ் ஒன்று, தெருவில் கேட்கும் தமிழ் இன்னொன்று. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று படித்துவிட்டு வெளியே வந்தால் 'வந்துக்கிட்டிருக்காக' என்கிறது மதுரை. இந்த மதிலைத் தாண்டியவர்களுக்குக் கிடைத்த சந்தோஷம் தனி.

எட்வர்ட் வெப் என்ற மதுரை மிஷனரிக்கு ஒரு பிரச்சினை. மேல்நாட்டு மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் கிராமத்துச் சபைகளில் ஒட்டவே இல்லை. மக்களுக்கு ராகமும் தாளமும் உள்ள கீர்த்தனைதான் வாயில் வந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றிய பாடல்களையும் மற்றவர்கள் பாடல்களையும் தேடிச் சேகரித்து 1853-ல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை அவர் வெளியிட்டார். இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் கீர்த்தனைப் புத்தகம் இருக்கிறதே, அதன் வேர்களில் ஒன்று இது. பாட்டு சொல்லிக்கொடுக்க வந்தவர் பாட்டு கற்றுக்கொண்டு போனார்.

யாழ்ப்பாணத்திலும் பிறகு சென்னையிலும் வேலை செய்த மிரன் வின்ஸ்லோ, 67,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு தமிழ் - ஆங்கில அகராதியை 1862-ல் கொண்டுவந்தார். இரண்டு ஆண்டு கழித்துத் தாய்நாடு திரும்பும் வழியில், கேப் டவுனில் இறந்துபோனார். ஊர் போய்ச் சேரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வேலை 1913-ல் தொடங்கியதும் மதுரையில்தான். அதன் முதல் பதிப்பாசிரியர் ஜே.எஸ். சாண்ட்லர், மதுரை மிஷனரி ஒருவரின் மகன், தானும் மிஷனரி. பின்னாளில் வையாபுரிப் பிள்ளை தலைமையில் முடிந்த அந்தப் பேரகராதியில் 1 லட்சத்துக்கும் அதிகமான சொற்கள்.

கடிதமும் ஒரு சந்தோஷம். இயேசு சபைக்காரர்கள் ரோமுக்கு ஆண்டுதோறும் எழுதிய கடிதங்களில் ஜெபம் மட்டுமா இருந்தது? பஞ்சம், படையெடுப்பு, நாயக்க மன்னர்களின் சண்டை எல்லாம் இருந்தன. 1924-ல் 'மதுரை நாயக்கர் வரலாறு' எழுதிய சத்தியநாத ஐயர் அந்தக் கடிதங்களை மொழிபெயர்த்துப் பின்னிணைப்பாகவே சேர்த்தார். தனிமையில் புலம்பி எழுதியது, நமக்கு வரலாற்று ஆதாரம் ஆகிவிட்டது.

மேசை

மறுபடியும் சாப்பாட்டுக்கு வருவோம். 1847-ல் அமெரிக்க மதுரை மிஷன் ஒரு கண்டிப்பான முடிவு எடுத்தது. சபையில் இருக்க வேண்டுமானால் சாதியை விட வேண்டும், விட்டதற்கு அடையாளமாக எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட வேண்டும். நொபிலி போட்ட கணக்குக்கு நேர் எதிர். உபதேசியார்களிலும் சபையாரிலும் பலர் மறுத்து வெளியேறினார்கள். மிஷன் ஆட்டம் கண்டது, ஆனாலும் பின்வாங்கவில்லை. அது பெருமைப்பட வேண்டிய முடிவுதான்.

சரி, அந்த மிஷனரிகளின் மேசையில் உபதேசியார் உட்கார்ந்து சாப்பிட்டாரா? பங்களா, சமையல்காரர், பட்லர், கத்தி முள்கரண்டி என்று இருந்த வீட்டில், மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் உள்ளூர் உதவியாளர் வராண்டாவைத் தாண்டுவது அபூர்வம். மக்கள் அவர்களை 'ஐயர்' என்றும் 'துரை' என்றும் கூப்பிட்டது வெறும் மரியாதை மட்டுமல்ல, தூரத்தின் அளவும் அதுதான்.

இதை உலகத்துக்கு முன்னால் போட்டு உடைத்தவர் ஒரு தமிழர். தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி.எஸ். அசரியா. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிகளுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே உள்ள உறவையே அவர் கேள்வி கேட்டார். தியாகம் செய்தீர்கள், சொத்தைக் கொடுத்தீர்கள், உடம்பைக் கொடுத்தீர்கள், இனி நண்பர்களைக் கொடுங்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். அவையில் பலருக்கு முகம் சுருங்கியது.

அசரியா வெறும் பேச்சாளர் இல்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர். தமிழர்களின் பணத்தில், தமிழர்களே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு மிஷனரிகளாகப் போனார்கள். காரத்திலிருந்து மொழி வரை, வெள்ளைக்காரர் மதுரையில் பட்ட பாட்டை ஒரு சிறிய அளவில் இவர்களும் பட்டார்கள். 1912-ல் அசரியா தோர்ணக்கல்லின் பிஷப் ஆனார். ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப்.

விருந்தாளிக்கு வந்த சோதனை

அந்நிய நாட்டில் ஊழியம் செய்பவருக்கு இன்னொரு சிக்கல், அந்த நாட்டு அரசாங்கம். பிரிட்டிஷ் இந்தியாவில் வேலை செய்யும் அமெரிக்க மிஷன்கள், அரசுக்கு எதிராக எதுவும் செய்யமாட்டோம் என்று உறுதி கொடுத்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925-ல் மதுரைக்கு வந்தார். கதர் உடுத்தினார், காந்தியின் பக்கம் சாய்ந்தார். உப்பு சத்தியாகிரகத்துக்கு முன் காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோய்க் கொடுத்த ஆங்கிலேய இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ், கெய்த்தான் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். விருந்தாளிக்குச் சோறு போட்டதுதான் குற்றம். 1930-ல் கெய்த்தான் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார். 1944-ல் மறுபடி வெளியேற்றப்பட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி வந்து, காந்திகிராமம், வத்தலக்குண்டு பக்கத்து கிராமங்களிலேயே வாழ்ந்து 1984-ல் இங்கேயே இறந்தார். பங்களாவிலிருந்து வெளியே வந்து குடிசைவாசம் செய்த அமெரிக்கர் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இன்று இந்திய விசா வகைகளில் மிஷனரி விசா என்று தனியே ஒன்று உண்டு. சுற்றுலா விசாவில் வந்து மதப் பிரசங்கம் செய்தால் விதிமீறல், வெளியேற்றலாம். அந்தக் காலம்போல நாற்பது வருடம் தங்கி, அகராதி போட்டு, இங்கேயே மண்ணாகும் வெளிநாட்டு மிஷனரி இப்போது கிட்டத்தட்ட இல்லை. பயணத்தின் திசை மாறிவிட்டது. குருமார்கள் குறைந்துபோன ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கப் பங்குகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் போகிறார்கள். இருட்டும் பனிக்காலம், ஜெர்மன் இலக்கணம், ஞாயிறு பூசைக்கு வரும் இருபது முதியவர்கள், சாயங்காலம் தனியே ஆக்கிச் சாப்பிடும் ரசம் சோறு. ஒரு காலத்தில் மதுரை முன்ஷியிடம் வெள்ளைக்காரர் பாடம் கேட்டதுபோல, இப்போது நம்மவர்கள் அங்கே உச்சரிப்பு பழகுகிறார்கள்.

திரும்பிப் போவது

எல்லாவற்றையும் தாங்கிய மிஷனரிகளுக்குக் கடைசியாக ஒரு கஷ்டம் காத்திருக்கும். சொந்த ஊர் திரும்புவது. சிலர் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. 1895-ல் இந்தியா வந்த எமி கார்மைக்கேல், டோனாவூரில் 1951-ல் இறக்கும் வரை ஒருமுறைகூடத் தாயகம் போகவில்லை. அதில் கடைசி இருபது ஆண்டுகள் கீழே விழுந்து படுத்த படுக்கை.

லெஸ்லி நியூபிகின் திரும்பியவர். 1936-ல் வந்தார், வந்த சில மாதங்களிலேயே பஸ் விபத்தில் கால் நொறுங்கியது. பல ஆபரேஷன். பேசாமல் இங்கிலாந்திலேயே இருந்திருக்கலாம், 1939-ல் மறுபடி வந்தார். காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு உட்கார்ந்து ஒரு வாரம் உபநிடதம், ஒரு வாரம் யோவான் சுவிசேஷம் என்று படித்தார். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, 37 வயதில் மதுரை - ராமநாதபுரம் பிஷப் ஆனார். கிராமம் கிராமமாகச் சுற்றினார்.

1974-ல் ஓய்வு. அவரும் மனைவி ஹெலனும் விமானம் ஏறவில்லை. இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை. கிடைத்த பஸ்ஸில் ஏறி, ஆசியாவைக் குறுக்கே கடந்து, இங்கிலாந்து வரை தரைவழியாகவே போனார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் நாடு மாறியிருந்தது. கிராமத்துக்குள் போனால் உட்காரச் சொல்லி, சாமியைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தயாராக இருந்த மக்களை விட்டுவிட்டு வந்தவருக்கு, கடவுள் பேச்சை எடுத்தாலே கதவு சாத்தும் தெருக்கள். எழுபது வயதில் பர்மிங்காம் நகரத்தின் ஏழைப் பகுதி ஒன்றில், மூடப்பட இருந்த ஒரு சின்னச் சபையின் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, வீடு வீடாக மறுபடி நடக்க ஆரம்பித்தார். அந்தத் தெருக்களில் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து டீ கொடுத்த வீடுகளில் இந்தியாவிலிருந்து குடியேறியவர்களின் வீடுகளும் இருந்தன.